எயார் பில்டருக்குள் ஒரு குரோனர்

ரொம்மன், ஒஸ்லோ
14 மார்ச்

அன்புள்ள சாருகாவின் அப்பாவுக்கு,

பிள்ளை போய் ஏழு மாதமாகியும் உங்களை இப்படித்தான் அழைக்க வருகிறது. வேறு பெயர் எனக்குப் பழக்கமில்லை. நீங்கள் தொலைபேசியை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை. கார் விடயம்தான்.

மூன்று கிழமையாக எஞ்சின் உதறிக்கொண்டிருந்தது. சிவப்பு விளக்கில் நின்றால் ஸ்டியரிங் கைக்குள் நடுங்கும், பிறகு எஞ்சின் நின்றுவிடும். பின்னால் கறுப்புப் புகை. முதியோர் இல்லத்தில் என் துப்புரவு வேலை காலை ஐந்தரைக்குத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் அங்கே பஸ் இல்லை. இரண்டு நாள் பிந்திப் போனேன். இன்னொரு முறை பிந்தினால் வேறு ஆள் எடுக்க வேண்டிவரும் என்று மேற்பார்வையாளர் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

கராஜில் திறந்து பார்ப்பதற்கே கேட்ட காசு என் ஒரு கிழமைச் சம்பளம். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மேல்மாடி றஜீவிடம் காரின் பிழை வாசிக்கும் சின்னக் கருவி ஒன்று இருக்கிறது. உங்கள் ஏணியை வாங்கிக்கொண்டு போய் இன்னும் தராதவன்தான். சனிக்கிழமை மத்தியானம் வந்தான். "அக்கா, காசு போகாத வேலையை முதல்ல பாப்பம், கண்டதையும் வாங்கி மாத்தக் கூடாது" என்றான். பெற்றோல் அதிகம், காற்றுக் குறைவு என்று கருவி காட்டியது. எஞ்சின் ஓடும்போதே பிளக்குக்குப் போகும் இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தான். எதைக் கழற்றினாலும் உதறல் ஒரே அளவு கூடியது. "நாலு பிளக்கும் நல்லா வேலை செய்யுது அக்கா, மூச்சுத்தான் முட்டுது" என்றான். ஆஸ்பத்திரியில் சாருகாவைப் பற்றிச் சொன்ன அதே சொல். அதைக் கேட்டும் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. இப்போது எதற்கும் ஒன்றும் செய்வதில்லை.

எஞ்சினுக்குப் போகும் காற்றை வடிக்கிற எயார் பில்டர் பெட்டியைத் திறந்தோம். உள்ளே குழாயின் வாயை அடைத்தபடி ஒரு மஞ்சள் துணி. யாரோ மறந்த துடைக்கும் துணி என்று றஜீவ் எறியப் போனான். நான் வாங்கிப் பார்த்தேன். என் பழைய சேலைக் கரை. இரட்டை முடிச்சு. பிள்ளையின் சப்பாத்துக் கயிற்றுக்கு நீங்கள் போடுகிற முடிச்சு. அவிழ்த்தால் உள்ளே கொஞ்சம் திருநீறும் நடுவில் துளையுள்ள ஒரு குரோனர் குற்றிக்காசும்.

அவளுடைய தலையணைக்குக் கீழே நான் நேர்த்திக்காசு முடிந்து வைத்தபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? "டொக்டர்மார் பாக்கினம், உமக்கென்ன விசரோ?" அதை நான் மன்னிக்கவில்லை. செத்தவீட்டிலும் நீங்கள் அழவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுகிழமையே வடக்குக் கரையில் பாட்ஸ்பியோர்ட்டுக்கு மீன் வெட்டப் போய்விட்டீர்கள். கல்லு மனிதன் என்று உங்கள் தங்கச்சியிடமே சொன்னேன். அவளிடம் இனி நான்தான் பேசிச் சரிசெய்ய வேண்டும்.

பில்டரை நீங்களே மாற்றுவீர்கள், நான் அங்கே கை வைக்கமாட்டேன் என்று நினைத்திருக்கிறீர்கள். நேர்த்திக்காசை ஒளிக்க உங்களுக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா? மூலையில் கிடந்த முடிச்சு இப்போதுதான் நகர்ந்து குழாயை அடைத்திருக்கிறது என்றான் றஜீவ். இத்தனை நாள் ஓடியதே அந்தக் காரின் பொறுமை.

துணியை எடுத்தவுடன் எஞ்சின் பழையபடி ஓடியது. றஜீவ் போன பிறகும் நான் உள்ளே இருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பெற்றோல் வீண்தான். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

நேர்த்தி பலிக்காவிட்டால் காசை என்ன செய்வது என்று ஐயரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. உங்களுடையதும் என்னுடையதுமாக இரண்டு காசையும் ஒரே கிண்ணத்தில் சாமித்தட்டில் வைத்திருக்கிறேன். ஓகஸ்டில் அவளுடைய முதலாம் வருட ஆட்டைத்திவசம் முடிந்தால்தான் நாங்கள் கோயிலுக்குப் போகலாம். உண்டியலில் போடுவதென்றால் போடுவோம், ஆனால் நான் தனியே போகமாட்டேன். அதுவரை நீங்கள் அங்கேயே இருக்கவும் வேண்டாம். ஈஸ்டர் லீவுக்கு வாருங்கள். நீங்கள் பேசாவிட்டாலும் பரவாயில்லை, நானும் அதிகம் பேசுவதில்லை. விமான நிலையத்துக்கு நானே கார் கொண்டு வருவேன். இனி வழியில் நிற்காது.

மீன் பக்டறியில் குளிருக்குக் கையுறை இரண்டு சோடி போடுங்கள். கடவுள் உங்களையாவது காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
சாருகாவின் அம்மா
மனோகரி