ஒரே மூச்சில் சொன்னது

மார்ச் 3, செவ்வாய்

எங்கள் ஆஸ்பத்திரியில் நடக்கும் கர்ப்பிணிகள் வகுப்பு வெறும் கண்துடைப்பு. நடத்துகிறவள் நான். எனக்குத் தெரியாதா?

முப்பத்தெட்டுப் பெண்கள், பன்னிரண்டு நாற்காலிகள், இருபது நிமிடம். மீதிப் பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நிற்கிறார்கள். நான் படத்தைக் குச்சியால் தட்டித் தட்டிக் கத்துகிறேன். கீரை, முட்டை, பழம். வெளியே ஸ்கேனுக்கு டோக்கன் கூப்பிட்டால் பாதிக் கூட்டம் எழுந்து ஓடுகிறது.

இன்று ஒருத்தி எழுந்தாள். "மேடம், அந்தப் படத்தையே கழட்டிக் குடுத்துடுங்க. ஆளுக்கு ஒரு கடி கடிச்சுக்கறோம்." எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் தைக்கிறவள். கூட வந்தவர்கள் அவளைப் பொத்தான் என்றே கூப்பிட்டார்கள். ஐந்தாம் மாதம். ஹீமோகுளோபின் எட்டரை. பதினொன்றாவது இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

மார்ச் 31

பொத்தானுக்கு எட்டு. ஏறவில்லை, இறங்கியிருக்கிறது.

"மாத்திரைய வாயில போடறியா, குப்பையில போடறியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

"சத்தியமா போடறேங்க்கா. ஒரு நாள் விட்டதில்ல."

நம்பவில்லை. எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள்.

ஏப்ரல் 9

இந்த வேலையை விட்டுவிட்டால் என்ன?

ஏப்ரல் 28

ஏழரை. இந்த முறை அவள் மாமியாரும் வந்திருந்தார். பையைக் கவிழ்த்தார். காலி மாத்திரை அட்டைகள். ஒன்றுகூட மிச்சமில்லை.

"என் கண்ணு முன்னாடிதாம்மா முழுங்கறா. நீங்க என்னமோ திருட்டுப் பொண்ணு மாதிரி பேசி அனுப்பினீங்களாமே? வீட்டுக்கு வந்து ஒரே அழுகை."

மன்னிப்புக் கேட்டேன். அட்டைகளை எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தன. எப்படிப் போடுகிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை. நான்கு வருடம் நர்ஸிங் படித்த லட்சணம்.

மே 19

இன்று தெரிந்தது.

ரத்தம் எடுக்கும் வரிசையில் பொத்தான் உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்தாள். மூடியில் பாலை ஊற்றினாள். மாத்திரையைப் போட்டாள். பாலை மடமடவென்று குடித்தாள்.

"யாரு உன்ன இப்படிப் போடச் சொன்னது?"

"நீங்கதாங்க்கா! மாத்திரை போடு, பால் குடின்னு வகுப்புல சொன்னீங்களே."

சொன்னேன். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரே மூச்சில் சொல்கிறேன். இரண்டு தனி விஷயம் என்று சொல்ல நேரமிருந்ததில்லை. பால் அந்த மாத்திரையின் சத்தை உடம்பில் சேர விடாது. இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எனக்கு இது தெரியும். தெரிந்து என்ன?

மெதுவாக விளக்கினேன். நான்கு நிமிடம் பிடித்தது. நான்கே நிமிடம்.

"அய்யய்யோ. எனக்குப் பாலே பிடிக்காதுக்கா. மூக்கப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சேன். பால் வாங்கணும்னே ஓவர்டைம் வேற பாத்தேன்" என்றாள். திட்டவில்லை. சிரித்தாள். திட்டித் தொலைத்திருக்கக் கூடாதா?

ரத்தம் ஆறு புள்ளி ஒன்பது. நரம்பில் ஏற்றுகிற இரும்பு மருந்து எழுதினார் டாக்டர். மருந்தகத்தில் இருப்பு இல்லை. அடுத்த வாரம் வருமாம்.

மே 26

வரவில்லை.

ஜூன் 2

வரவில்லை. தலைமை நர்ஸ், பெரிய சிஸ்டரிடம் சண்டை போட்டேன். "நான் என்ன வீட்லயா ஒளிச்சு வச்சிருக்கேன்?" என்றார். பத்துப் பத்துப் பேராக வகுப்பு நடத்தட்டுமா என்று கேட்டேன். "அப்போ ஓ.பி. எப்ப முடியும்? பொழுது சாய்ஞ்சப்புறமா?"

ஜூன் 8

பொத்தான் போய்விட்டாள்.

எட்டாம் மாதமே வலி கண்டிருக்கிறது. பிள்ளை பிறந்த பிறகு ரத்தம் நிற்கவில்லை. மற்றவர்கள் தாங்குகிற அளவுதான் போனதாம். இவளிடம் தாங்க என்ன இருந்தது? ஏற்றுவதற்கு ஒரு பாட்டில் ரத்தம் கிடைத்தது. இரண்டாவது வந்தபோது மணி பதினொன்று. அவள் பத்தே முக்காலுக்கே—

பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தப் பால் விஷயம் மட்டுமே காரணம் இல்லம்மா. போட்டு மனசக் கொழப்பிக்காத" என்றார். அது மட்டும் இல்லைதான். அதுவும்தானே?

ஜூன் 16

மரண விசாரணைக் கூட்டம். பெரிய சிஸ்டர் அறிக்கையை வாசித்தார். மூன்றாவது வரி: 'நோயாளி உணவு, மருந்து ஆலோசனைகளைச் சரிவரப் பின்பற்றவில்லை.'

எழுந்தேன். "பின்பற்றினா சிஸ்டர். அந்த வகுப்புல நான் சொன்னத அப்படியே பின்பற்றினது அவ ஒருத்திதான்."

"உக்காரு. உன் வேலையையும் சேத்துத்தான் காப்பாத்திட்டிருக்கேன்."

யார் கேட்டார்கள்?

ஜூன் 17

எழுதிக் கொடுத்துவிட்டேன். தப்பாகச் சொல்லிக்கொடுத்தவள் நான், இருபது நிமிடம் கொடுத்தது நிர்வாகம், மருந்து வரவில்லை, அவள் எதையும் மீறவில்லை. கையெழுத்தும் தேதியும் போட்டேன். அனுமதி கேட்காமல் இன்று பத்துப் பேரை மட்டும் உட்கார வைத்தேன். ஒவ்வொருத்தியையும் திருப்பிச் சொல்லச் சொன்னேன். இரண்டு பேர் தப்பாகச் சொன்னார்கள்.

ஜூன் 30

என்னைக் கிடங்குப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். வகுப்புக்கு வேறொருத்தி வருகிறாளாம்.

உத்தரவை வாங்கிக்கொண்டு பெரிய சிஸ்டரின் மேஜை முன்னால் நின்றேன். பொத்தானின் கோப்பு அங்கே திறந்து கிடந்தது. என் கடிதம் அதில் இல்லை. அறிக்கை இருந்தது. மூன்றாவது வரியும் இருந்தது.

"மாத்துங்க, போறேன். ஆனா அந்த வரிய அடிங்க சிஸ்டர். நாளைக்கு அந்தப் பொண்ணு வளந்து வந்து கேட்டா, உங்கம்மா சொன்ன பேச்சு கேக்கலன்னு காகிதம் சொல்லக் கூடாது. அடிங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். சேலைத் தலைப்பால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.