நீ உன் சம்பளத்தைச் சொன்ன நாள்

இன்று காலை பாடியில் பேருந்து ஏறிய ஒருவர் என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் சட்டையில் கிரைண்டிங் மிஷின் சூடாகாமலிருக்க ஊற்றும் கூலன்ட் எண்ணெய் வாடை. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத அந்தப் புளித்த வாடை. உடனே உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ மஞ்சள் காமாலையில் இறந்துபோய் இரண்டு மழைக்காலம் ஆகிறது.

அம்பத்தூரில் அந்த டூல் ரூமில் நாம் ஒன்றாகத்தான் பயிற்சிக்குச் சேர்ந்தோம். நான் தென்காசிப் பக்கத்துக்காரி, நீ காட்டுப்பாக்கம். தகட்டை வெட்டி வளைக்கும் அச்சுகளைச் செய்யக் கற்றுக்கொண்டோம். அரம் பிடித்துக் கை காய்த்துப்போன அந்த மூன்று வருடமும் உதவித்தொகை விடுதிக்கும் சாப்பாட்டுக்கும்தான் சரியாக இருந்தது. சேரும்போது வாங்கிக்கொண்ட நம் சான்றிதழ்கள் முதலாளியின் பீரோவில் இருந்தன. "பத்திரமா கீதுன்னு சொல்றான். யாருக்குப் பத்திரம்?" என்று நீ அப்போதே கேட்டாய்.

பயிற்சி முடிந்ததும் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "உன் வேலை சுத்தமா இருக்கும்மா. அதான் உனக்கு மட்டும் சம்பளம் கொஞ்சம் கூடப் போட்டிருக்கேன். அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடாத."

மறுநாள் நீ அந்த அறையிலிருந்து வெளியே வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு வருகிறாய் என்று நினைத்தேன். அதன் பிறகு மதியம் தனித்தனியாகச் சாப்பிட்டோம். நான் செய்த அச்சில் தகட்டைத் துளைக்கும் பஞ்ச் முனை உடைந்தபோது, "உன் டேபிள் பக்கம் யார் வந்தாங்கன்னு யோசிச்சுப் பாரு" என்றார் சூப்பர்வைசர். உன் முகம்தான் வந்தது. என் மைக்ரோமீட்டரைப் பூட்டி வைத்தேன். நீயும் உன்னுடையதைப் பூட்டினாய்.

ஒரு சாயங்காலம் டீக்கடை வாசலில் என்னை மறித்தாய்.

"உனுக்கு எவ்ளோடி தரான்?"

"யாரு கேக்கச் சொன்னா?"

நீ கோபப்படவில்லை. "சரி, நீ சொல்லாத. நான் சொல்றேன்" என்று வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியைக் காட்டினாய். எனக்கு வந்த அதே தொகை. அப்போதும் இது முதலாளியின் ஏற்பாடோ என்றுதான் தோன்றியது. கொஞ்சம் கழித்துத்தான் என் போனை நீட்டினேன்.

"எனக்கும் 'உனக்கு மட்டும்'னுதான் சொன்னான். நீ என் வேலைய கொற சொல்லிக்கினு திரியறன்னும் சொன்னான்" என்றாய்.

பஞ்ச்சைப் பற்றிக் கேட்டேன். "நான் தொடல. நீ நம்பலன்னாலும் தொடல." அது எப்படி உடைந்தது என்று இன்றுவரை தெரியாது.

மறுநாள் டூல் ரூம் நடுவில் நின்று உன் சம்பளத்தைச் சத்தமாகச் சொன்னாய். மில்லிங் மிஷினில் இருந்த அண்ணன் அதை நிறுத்தினார். பல வருடமாக அங்கே இருந்தவர். அவர் சம்பளம் நம்மைவிடக் கொஞ்சம்தான் கூட. அவரிடமும் 'உனக்கு மட்டும்' என்றுதான் சொல்லியிருந்தார்கள். எல்லோருமாக அந்த அறைக்குள் போனோம். கதவைச் சாத்த இடமில்லை. சம்பளம் இழுத்தடித்துத்தான் உயர்ந்தது. சான்றிதழ்கள் அன்றே கைக்கு வந்தன.

இப்போது பூந்தமல்லிப் பக்கம் வேறு நிறுவனத்தில் இருக்கிறேன். போன வாரம் சம்பளத்தை உயர்த்திய மேலாளர், "இது நமக்குள்ள இருக்கட்டும்" என்றார். வெளியே வந்ததும் பக்கத்து மேசைக்காரரிடம் என் சம்பளத்தைச் சொன்னேன்.

அவர் தலையைத் தூக்கவில்லை. "எதுக்கு என்கிட்ட சொல்றீங்க? யாரு சொல்லச் சொன்னா?"

அவருடையதை நான் கேட்கவில்லை. இன்று மதியம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தேன். அவர் கொஞ்சம் நகர்ந்துகொண்டார். நாளைக்கும் அங்கேதான் உட்காருவேன்.