திபோவின் வயலைத் தாண்டி

1987 அக்டோபர் 11, ஞாயிறு
பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டிக்காரர்களுக்கான எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு இருபது வயது. வரலாற்றை நான் எழுத வேண்டுமாம். “சங்கத்துல புத்தகம் படிக்கிற ஆள் நீ ஒருத்திதான், நோயெல்லா” என்றார் அப்பா. அவர்தான் தலைவர்.

தொடக்கத்தில் ஏழே வண்டிகள். பழைய கட்டிலின் கம்பிச் சட்டத்தைப் பின்னால் கட்டி இழுத்துப் பனியைச் சமன் செய்தார்கள். இப்போது இருநூறு உறுப்பினர்கள், பனியைச் சமன் செய்யவென்றே ஒரு பெரிய இயந்திரம், கனடா எல்லை வரை பாதை. அந்தப் பாதையில் ஓர் அடிகூடச் சங்கத்துடையது அல்ல. எல்லாம் உருளைக்கிழங்கு வயல்கள். இலையுதிர் காலத்தில் வீட்டில் சுட்ட ஆப்பிள் பலகாரத்தோடு வீடு வீடாகப் போய்க் கைகுலுக்கி அனுமதி வாங்குவார்கள். கையெழுத்துக் கேட்டுக் காகிதம் நீட்டினால் அவமானம்.

அக்டோபர் 18
அப்பா அனுமதி கேட்கத் திபோ வீட்டுக்கு என்னையும் கூட்டிப்போனார். பாதை ஊரைவிட்டு வெளியேறத் திபோவின் வயலைத் தாண்டியே ஆக வேண்டும்.

“பலகாரத்தை நீரே தின்னும், தலைவரே. என் பொண்டாட்டி இடுப்பொடிஞ்சு கிடக்கா. சீட்டாட ஆளில்லாம என் உயிரை வாங்குறா. சனிக்கிழமைதோறும் உம்ம பொண்ணை அனுப்பும்” என்றார் திபோ.

அப்பா கைகுலுக்கினார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

டிசம்பர் 19
திபோவின் மனைவி, மதாம் திபோ, நல்லவள். அதுதான் கஷ்டம். ஜன்னலுக்கு வெளியே வண்டிகள் வரிசையாகப் போகின்றன, எல்லோரும் எனக்குக் கையசைக்கிறார்கள். நான் சீட்டைக் கலைக்கிறேன்.

1988 ஜனவரி 9
தெற்கே இருக்கும் விடுதிப் பள்ளியின் நுழைவுத் தேர்வு, 23ஆம் தேதி. சனிக்கிழமை.

“அன்னிக்குத்தான் நாலு ஊர் வண்டியும் திபோ வயல் வழியா வருது. அடுத்த வருஷம் எழுதேன்” என்கிறார் அப்பா.

என் வயதுக்கு அடுத்த வருஷம் கிடையாது. சொன்னேன். வண்டிக்கு எண்ணெய் போடப் போய்விட்டார்.

ஜனவரி 16
அடுத்த சனிக்கிழமை வர முடியாது என்று திபோவிடம் நானே சொன்னேன்.

“கை குடுத்தது யாரு?”

“அப்பா.”

“அப்ப அவர் பேச்சு போச்சு. வயலுக்குக் குறுக்கே மரத்தைப் போட்ருவேன். கோவமில்லம்மா. பேச்சுன்னா பேச்சு.”

ஜனவரி 20
வரலாறு ஒரு வரிகூட நகரவில்லை. அன்று குலுக்கியது என்ன என் கையா? என்னை ஒருத்தராவது கேட்டாங்களா —

ஜனவரி 23
விடியும் முன்பே அம்மா காரைக் கிளப்பிச் சூடாக்கி வைத்திருந்தாள். அவளே கூட்டிப்போனாள். தேர்வு எழுதினேன்.

திரும்பி வரும்போது திபோ வயலில் தேவதாரு மரம் ஒன்று குறுக்கே கிடந்தது. அதன் முன்னால் வண்டிகள் அணைந்து நின்றன. அப்பா நடுவில். யாரும் கையசைக்கவில்லை.

ஜனவரி 29
ஆறு நாளாக அப்பா என்னோடு பேசவில்லை. கடையில்கூட ஒருவர், “படிச்ச பொண்ணே, கடைக்குள்ளயாவது வழி விடும்மா” என்றார்.

ஜனவரி 30
அப்பா தொப்பியை மாட்டிக்கொண்டு தனியாகத் திபோ வீட்டுக்குப் போனார். அவருக்குச் சீட்டைப் பிடிக்கவே தெரியாது. இருட்டும் நேரத்தில் திரும்பினார்.

“சீட்டுல மதாம் என்னைப் பிச்சு உதறிட்டா” என்றார், அம்மாவிடம். “அடுத்த வாரமும் வரணுமாம்.”

மரத்தை ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டார்களாம்.

மார்ச் 19
பனி உருகுகிறது. விடுதிப் பள்ளியில் இடம் கிடைத்த கடிதம் வந்து நான்கு நாள். மேசையிலேயே கிடக்கிறது.

அப்பா இன்றும் சீட்டாடிவிட்டு வந்தார். பூட்ஸைக் கழற்றியபடி, சுவரைப் பார்த்துச் சொன்னார்: “வர்ற குளிர்காலமும் நான்தான் வருவேன்னு மதாம்கிட்ட சொல்லிட்டேன். அப்ப பொண்ணு எங்க போறான்னு கேட்டா.” பிறகு அந்தப் பள்ளியின் பெயரைச் சொன்னார்.

அவர் வாயிலிருந்து அந்தப் பெயரை இன்றுதான் கேட்கிறேன்.