சிட்டிபாபுவின் பெயரில் துடிக்கும் என் தம்பியின் இதயம்

அனுப்புநர்:
கா. காஞ்சனா (வயது 40),
தையல் தொழில்,
பூவரசங்கண்டிகை கிராமம்,
நாகலாபுரம் மண்டலம், திருப்பதி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட மருத்துவ சுகாதார அதிகாரி அவர்கள்,
திருப்பதி.

பொருள்: என் தம்பி தேவேந்திரனின் ஈ.சி.ஜி., பக்கத்து வீட்டு சிட்டிபாபுவின் பெயரில் பதிவானது – அதற்கு நாங்களே காரணம் என்று ஒப்புக்கொள்வது – பெயரைத் திருத்தித் தம்பியை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த அர்ஜியைத் தமிழில் எழுதியதற்குப் பொறுத்தருள வேண்டும். தெலுங்கு நன்றாகப் பேசுவேன். ஆனால் கோபம் வந்தால் எனக்குத் தமிழ்தான் வருகிறது. பள்ளி ஆசிரியர் சம்பத் அவர்கள் செய்து கொடுத்த தெலுங்குப் பிரதியும் இணைப்பில் உள்ளது. அதில் மரியாதை சற்றுக் கூடுதலாக இருக்கும். அது அவருடைய மரியாதை.

1. எனக்கும் என் தம்பிக்கும் முதல் வகை சர்க்கரை நோய். எனக்கு ஒன்பது வயதில் வந்தது, அவனுக்குப் பன்னிரண்டில். இது இனிப்பைத் தின்று வந்ததல்ல, உடம்பு இன்சுலினைச் சுரக்காமல் நிறுத்தியதால் வந்தது. இதை ஊரில் முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கும் கல்யாண வீட்டில் யாராவது ஒருவர் என் இலையைப் பார்த்து, "சின்ன வயசுல ரொம்ப சாக்லெட் துன்னியாம்மா?" என்று கேட்காமல் விடுவதில்லை.

2. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதந்தோறும் இரண்டாவது வியாழக்கிழமை இலவச இதயப் பரிசோதனை நடக்கிறது. நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் டோக்கன் வாங்க ஓர் அட்டை நிரப்ப வேண்டும். அதில் ஐந்தே கேள்விகள்: நாற்பது வயது தாண்டிவிட்டதா, தொப்பை உண்டா, பீடி சிகரெட் உண்டா, குடி உண்டா, நெஞ்சு வலிக்கிறதா. ஒன்றுக்காவது 'ஆம்' என்றால்தான் டோக்கன்.

3. மூன்று வருடத்துக்கு முன்பு, எனக்கு முப்பத்தேழு வயதாக இருந்தபோது, நானும் அந்த வரிசையில் நின்றேன். தையல்காரி என்பதால் என் இடுப்பை என் டேப்பிலேயே அளந்து காட்டினேன். இருபத்தாறு அங்குலம். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதி, அடியில் பூஜ்யம் போட்டு, "ஆபத்து இல்லை" என்று முத்திரையும் குத்திக் கொடுத்தார்கள். ஐயா, பள்ளியில் கணக்குப் பாடத்தில்கூட எனக்கு மூன்று மார்க் வந்திருக்கிறது.

4. முத்திரை குத்திய பத்தொன்பதாம் நாள், ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தபோது உடம்பெல்லாம் குப்பென்று வியர்த்தது. எங்கள் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. காஞ்சனா வியர்த்து உட்கார்ந்தால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று பொருள்; கண்டவர் அவள் வாயில் வெல்லம் திணிக்க வேண்டும். என் உயிரை இப்படிப் பல தடவை காப்பாற்றியிருக்கிறார்கள். அன்றைக்கும் பக்கத்து வீட்டு ரத்னம்மா வெல்ல உருண்டையோடு ஓடி வந்து, "வாயத் தொற, துன்னு, பேசாதே" என்று ஊட்டினார். பின்னாலேயே எதிர்வீட்டு வாழைப்பழம், கடைக்காரரின் கூல் டிரிங்க், யாரோ ஒருவரின் மைசூர்பாகு. யாருக்கும் சர்க்கரை மீட்டர் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கடைசியில் பார்த்தபோது சர்க்கரை 412 இருந்தது. வியர்வை நிற்கவில்லை.

5. அது மாரடைப்பு. நெஞ்சில் துளி வலி இல்லை. திருப்பதியில் அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்த டாக்டரம்மா சொன்னார்: பல வருடச் சர்க்கரையில் நரம்பு மழுங்கிப் போனால் வலி தெரியாமலே மாரடைப்பு வரும், இதயத்துக்குப் போகும் குழாய் கெட்டால் மூளைக்குப் போகும் குழாயும் கெடலாம், பக்கவாதம் வரலாம், எங்களைப் போன்றவர்களுக்கு இது இளவயதிலேயே வருகிறது, ஆள் ஒல்லியா குண்டா என்று நோய் பார்ப்பதில்லை. ஆளின் வயதை மட்டும் கேட்கிறார்களே, நோயின் வயதை ஏன் கேட்பதில்லை என்று அவரே வருத்தப்பட்டார். அட்டையில் அந்தக் கேள்வியைச் சேர்க்கச் சொல்லி நான் அதன்பின் இரண்டு மனு கொடுத்தேன். இரண்டுக்கும் ரசீது கொடுத்தார்கள், பத்திரமாக வைத்திருக்கிறேன்.

6. இனித் தம்பி கதை. தேவேந்திரனுக்கு வயது முப்பத்துநான்கு. ரேணிகுண்டாவில் லேத் பட்டறையில் வேலை. சில மாதங்களாக ரயில்வே மேம்பாலத்தில் ஒரே மூச்சில் ஏற அவனால் முடியவில்லை. நடுவில் இரண்டு முறை நின்று, போன் பார்ப்பதுபோல் பாவனை செய்கிறான். சர்க்கரை இறங்கிவிட்டது என்று அவனே முடிவு செய்து ஆரஞ்சு மிட்டாயைச் சப்புகிறான். நானே பின்னால் போய்ப் பார்த்தேன். டாக்டரிடம் வாடா என்றால், தானும் அதே வரிசையில் நின்று வாங்கிய அட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டுகிறான். "இன்னாத்துக்குக்கா பயப்படறே? கவர்மெண்டே ஜீரோ போட்டுக் குடுத்துக்கிறாங்கோ." அரசாங்கத்தின் மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்த குடிமகன் தங்கள் மாவட்டத்தில் இன்னொருவர் இருப்பாரா என்பது சந்தேகம்.

7. ஆகவே நான் ஒரு தவறு செய்தேன். காலை இன்சுலினைப் போட்டுக்கொண்டு, நீ பரிசோதனைக்கு வராவிட்டால் ஒரு வாய் சாப்பிட மாட்டேன் என்று அவன் எதிரில் உட்கார்ந்தேன். ஊசி போட்டுச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கி உயிருக்கே ஆபத்து என்பது அவனுக்குத் தெரியும். இருபது நிமிடத்தில் சட்டையை மாட்டிக்கொண்டான். ஆனால் பூஜ்யம் வாங்கியவனுக்கு டோக்கன் கிடையாதே. ரத்னம்மாவின் கணவர் சிட்டிபாபு மாமாவுக்கு ஐம்பத்தெட்டு வயது, பீடி, குடி, தொப்பை எல்லாம் உண்டு. மாதம் தவறாமல் டோக்கன் வாங்கி, ஒரு கோளாறும் இல்லாத ஈ.சி.ஜி.யோடு வந்து தெரு முழுக்கக் காட்டுவார். அவரிடம் கெஞ்சி இம்மாதம் 13ஆம் தேதி டோக்கனை வாங்கித் தம்பியைப் படுக்க வைத்தேன். வெளியூரிலிருந்து வந்த டெக்னீஷியன் டோக்கன் எண்ணைப் பார்த்தார், மார்பைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

8. ஈ.சி.ஜி. மோசமாக வந்தது. இதயத்துக்கு ரத்த ஓட்டம் போதவில்லை என்று குறித்து, வரும் 21ஆம் தேதி வெள்ளிக்கிழமை திருப்பதிக்கு அவசரமாக அனுப்பக் கடிதம் தயாரானது. சிட்டிபாபு பெயரில். மாத்திரைகள் வந்தன. சிட்டிபாபு பெயரில். நான் அப்போதே ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன். கணினியில் பதிவு செய்யும் யமுனா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆன்லைன்ல ஏறிட்சிக்கா, இனிமே என் கையில இல்ல. தம்பிக்கு நாப்பது ஆவட்டும், கூட்டிக்கினு வாங்க" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஆறு வருடம் ஐயா!

9. சிட்டிபாபு மாமாவோ படுத்த படுக்கையாகிவிட்டார். பரிசோதனைக்குப் படுத்தது யார் என்று அவருக்கே தெரியும். இருந்தும், "பேரு என்னிது தானே, சாமி எனக்குத்தான் காட்டிக்கிறாரு" என்கிறார். நான்கு நாளாகக் குடிக்கவில்லை, பீடியைத் தொடவில்லை. ரத்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஒரு மாசம் போவட்டும் காஞ்சனா, எழுதாதே. கல்யாணம் ஆன நாள்லருந்து இந்த மனுஷன இப்படிப் பாத்ததில்ல" என்று அழுதார். அவருக்காக மனம் இரங்குகிறது. ஆனால் அவர் வீட்டு நிம்மதிக்கு என் தம்பியை விலையாகக் கொடுக்க முடியாது.

10. தம்பியிடம் அந்த ஈ.சி.ஜி. தாளைக் காட்டினேன். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "மாமா பேர்ல தானே இருக்குது" என்றான். அன்றைக்கே வேலைக்குப் போனான். நான் அழுதேன், திட்டினேன், பயமாக இருக்கிறது என்று வாய்விட்டே சொன்னேன். அவன் அசையவில்லை. உள்ளுக்குள் அவனுக்கும் பயம்தான், எனக்குத் தெரியும்.

11. வெள்ளிக்கிழமை சிட்டிபாபு மாமாவைத் திருப்பதியில் பரிசோதிப்பார்கள். அவருக்கு ஒன்றும் இருக்காது. "நோய் இல்லை" என்று எழுதிக் கோப்பை மூடுவார்கள். மூடுவது என் தம்பியின் கோப்பை.

12. ஆள்மாறாட்டம் குற்றம் என்று சம்பத் ஆசிரியர் சொன்னார். ஒப்புக்கொள்கிறேன். எங்கள் மேல் நடவடிக்கை எடுக்கத் தங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு என்ன தண்டனையானாலும் சரி. தம்பிக்கு மட்டும் தனியாக ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். குற்றம் சாட்டப்பட்ட தேவேந்திரன், 21ஆம் தேதி காலை எட்டு மணிக்கு, திருப்பதி பெரிய ஆஸ்பத்திரி இதய நோய்ப் பிரிவில், இன்சுலின் பையுடன் நேரில் ஆஜராக வேண்டும் என்று அதில் எழுதுங்கள். வட்ட முத்திரை பெரிதாக விழட்டும். நான் கூப்பிட்டு வராதவன் அதற்கு வந்துவிடுவான்.

தங்கள் நோட்டீஸுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,

(கையொப்பம்)
கா. காஞ்சனா

இடம்: பூவரசங்கண்டிகை
நாள்: 17-11-2025, திங்கட்கிழமை

இணைப்பு: ஈ.சி.ஜி. நகல் (சிட்டிபாபு என்று எழுதியிருக்கும், நம்ப வேண்டாம்); தம்பியின் பூஜ்ய அட்டை நகல் (அதையும் நம்ப வேண்டாம்); தெலுங்குப் பிரதி.