மதினி சொல்லாத நிறம்

மதினி, பரணை ஒழிக்கும்போது உங்கள் மரச்சீப்பு கிடைத்தது. ஒரு ஓரத்தில் பற்கள் உடைந்திருக்கின்றன. தலை வாரி உடைந்தவை அல்ல, முதுகைச் சொறிந்து சொறிந்து உடைந்தவை. இத்தனை வருடம் கழித்தும் உங்கள்மேல் கோபம்தான் முதலில் வந்தது.

எண்பதுகளில் தாராவியில் அண்ணனுக்குத் தோல் பட்டறையில் லீவு கிடைக்காது. பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் செய்த உங்களை, தையல் பிரித்த பிறகு டாக்டரிடம் காட்ட நான்தான் கூட்டிப் போனேன். அவருக்குத் தமிழ் தெரியாது, உங்களுக்கு இந்தி வராது. நடுவில் கொழுந்தன் நான்.

வலி, பசி எல்லாம் கேட்டார், சொன்னீர்கள். வெளிக்குப் போவது என்ன நிறம் என்று கேட்டார். நானும் தலையைக் குனிந்துகொண்டுதான் அதை உங்களிடம் கேட்டேன். முந்தானை வாய்க்குப் போய்விட்டது.

"ஐயே, என்ன தம்பி இதெல்லாம் கேக்காவ? எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிருங்க."

"சப் டீக் ஹை" என்றேன். டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பஸ்ஸில் கையைச் சொறிந்துகொண்டே வந்தீர்கள். பம்பாய்ப் புழுக்கம் என்று நினைத்தேன். முகத்தில் ஏறிய மஞ்சளை, நீங்கள் பூசிக் குளிக்கும் மஞ்சள் என்றே வீடு நினைத்தது. "ஆபரேஷனுக்குப் பெறவு உம் பொண்டாட்டிக்குக் களை வந்துட்டுல்லா" என்றுகூட அண்ணனிடம் பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள்.

குளிர்காய்ச்சல் தூக்கிப்போட்ட பிறகுதான் மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பித்தப்பையை எடுத்தபோது பித்தக்குழாயும் சேர்ந்து கட்டுப்பட்டுவிட்டதாம். பித்தம் குடலுக்கு இறங்க வழியில்லாமல் ரத்தத்தில் ஏறி, உள்ளே சீழும் பிடித்துவிட்டது. அரிப்பும் மஞ்சளும் அதனால்தானாம்; வெளிக்குப் போவதற்கு நிறம் கொடுப்பதே பித்தம்தானாம். முன்பே தெரிந்திருந்தால் சரிசெய்திருக்கலாம் என்றார்கள். அன்று பக்கத்துக் கட்டிலில் இருந்த நம்மூர் அம்மாளிடம் நீங்கள் முனகியது வாசலில் நின்ற எனக்குக் கேட்டது.

"ரொம்ப நாளாவே சுண்ணாம்பு மாரி வெள்ளையாத்தான் போவுது. கொழுந்தன்கிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

கத்தி பிடித்த டாக்டரை வாய் வலிக்க ஏசினேன். உங்களை ஏச முடியவில்லை. இரண்டாவது ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போதும் என்னைப் பார்த்ததும் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டீர்கள். உயிரோடு திரும்பவில்லை.

இப்போது வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் நான் முதலில் கேட்பது அந்தக் கேள்விதான். சாப்பாட்டுத் தட்டு முன்னால் இருந்தாலும் கேட்பேன். வந்த புதிதில் மருமகள் எழுந்தே போய்விடுவாள்.

போன வாரம் அவளுக்குக் காய்ச்சல். நான் வாய் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"கலர் சரியாத்தான் இருக்கு மாமா, டென்ஷன் ஆவாதீங்க."

அடுக்களைக்குள் போய் நின்று அழுதேன், மதினி.