நடுவில் வைத்த கட்டைவிரல்

ஏட்டய்யா,

இன்று காலை மகளின் தையல் மிஷின் இறுகிக்கொண்டது. மண்ணெண்ணெய் விட்டேன். நல்லெண்ணெயும் தூசியும் சேர்ந்த பிசின் கரைந்து வந்தது. அந்த வாசனையில் என் கை நின்றுவிட்டது.

எழுபதுகளில் ஒரு தேர்தல். உரிமத் துப்பாக்கிகளைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். அப்பா விட்டுப்போன பழைய ரிவால்வரை, கடத்தூர் சந்தைக்குப் போகிறவன்போல் மஞ்சள் பையில் உங்களிடம் கொண்டுவந்தேன்.

"காலி பண்ணியாச்சா?" என்றீர்கள்.

"இல்லீங்க. தொறக்க மாட்டேங்குதுங்க."

"என்ன எண்ண போட்டே?"

"நல்லெண்ணெய்ங்க. வருசா வருசம்."

"ஏன்யா, தாளிக்கவா வச்சிருந்தே?"

எட்டாவதோடு நின்ற எஞ்சினியர் நான். எங்கே சிக்கியிருக்கிறது என்று காட்டுகிறேன் பேர்வழி என்று பின்பக்கச் சுத்தியை இழுத்தேன். முக்கால்வாசி போய் நின்றுவிட்டது. முன்னாலும் வரவில்லை. உள்ளே குண்டுகள். சுத்தியைப் பிடித்துக்கொண்டிருந்தது என் நல்லெண்ணெய்ப் பிசின் மட்டும்தான்.

"அசையாத" என்றீர்கள். சத்தம் போடவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தபடியே நிலையத்தின் பின்புறம் நடத்திப்போய், ரிவால்வரை வாங்கி அதன் வாயை மணல் மூட்டையில் அழுத்தினீர்கள். சுத்தி படிந்தால்தான் திறக்கும். பிசின் கரைந்தால் சுத்தி விழும், விழுந்தால் வெடிக்கும். பழைய இரும்பு, பிடித்த கையிலேயே சிதறலாம்.

சுத்திக்கும் குண்டுக்கும் நடுவில் உங்கள் கட்டைவிரலை வைத்தீர்கள்.

"செருப்புத் தோல வெட்டி வைக்கலாங்களா?"

"தோலு நழுவும். வெரலு நழுவாது."

"அப்ப நான் வைக்கிறேங்க."

"உன் வூட்டுல பச்சப்புள்ள இருக்குது. நீ அந்த லாந்தர் மண்ணெண்ணைய ஊத்து. கை நடுங்காம ஊத்து."

ஊற்றினேன். மண்ணெண்ணெயில் பாதி உங்கள் சட்டைக்குத்தான். மீதி சுத்தியின் இடுக்கில் இறங்கியது.

டக்.

வெடிக்கவில்லை. சுத்தியின் மூக்கு உங்கள் நகத்தில் இறங்கியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுகையால் அதைத் தூக்கி, விரலை உருவி, மெல்லப் படிய விட்டீர்கள். துப்பாக்கி மடிந்து திறந்தது. குண்டுகள் மணலில் விழுந்தன. ரத்தம் வந்த விரலை வாயில் வைத்தவர் உடனே துப்பினீர்கள்: "கருமம், மண்ணெண்ண."

என் மகள் கல்யாணத்தில் அரிசி தூவிய உங்கள் கையில் அந்த நகம் பிளந்தேதான் இருந்தது. போன மாதம் உங்கள் உடலுக்கு மாலை போட்டபோதும் முகத்துக்கு முன் அதைத்தான் பார்த்தேன்.

இன்று, சிக்கிய துணியை இழுக்க மகள் ஊசிக்கடியில் விரலை விடப்போனாள். அவள் கையை விலக்கி என் விரலை விட்டேன்.

"நீங்க எதுக்குப்பா?" என்றாள்.

"உன் வூட்டுல புள்ளைங்க இருக்குது" என்றேன்.

அன்றைய பச்சைப்பிள்ளை இவள்தான், ஏட்டய்யா.