இரண்டாம் பியானோவுக்கு எழுதியது

3 மே 1964
காலையில் வியாபாரி செபநாயகம் வந்து கதலி வாழைக்குலைகளை வெட்டட்டோ என்று கேட்டார். ஓம் என்றேன். எதைக் கேட்டாலும் இப்போது ஓம் என்றுதான் வாயில் வருகிறது.

அவர் மாசி மாதம் தோட்டத்தில் விழுந்தவர், எழும்பவில்லை. அவர் என்றால் தில்லைநாதன், என் கணவர். செத்தவீட்டில் நான் அழவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் அழவில்லை. "இங்கிலீசுப் படிப்பு, அதுதான்" என்று நீர்வேலிப் பெண்டுகள் கதைத்தது என் காதிலும் விழுந்தது. கோபம்கூட வரவில்லை.

முன்னறைப் பியானோவை மச்சாள் வெள்ளைச் சீலையால் மூடிவிட்டார். மச்சாள், அவருடைய தமக்கை மீனாம்பிகை. செத்தவீட்டுக்கு வந்தவர் என்னைத் தனியே விட மனமில்லாமல் நின்றுவிட்டார். வருடம் திரும்பி ஆட்டைத் திவசம் முடியுமட்டும் வீட்டில் பாட்டுச் சத்தம் கூடாது என்பது அவருடைய சட்டம். எனக்கும் திறக்க வேண்டும்போல் இல்லை.

6 மே
பள்ளிக்கூடம். என் பியானோ வகுப்பில் பிள்ளைகள் எல்லாரும் ஒரே இடத்தில் பிழை விட்டார்கள். நான் திருத்தவில்லை.

கன்னியர் மடத்து மண்டபத்துப் பியானோ இரண்டில் ஒன்றை ஆகஸ்ட் விடுமுறையில் மன்னாருக்குக் கொண்டுபோகிறார்களாம். என்னோடு படிப்பிக்கிற மிஸ் சிமியோன்தான் சொன்னார். குருநகர்க்காரி, மீன்பிடி வள்ளங்கள் வைத்திருந்த சம்மாட்டி மகள், இலேசில் கலங்குகிற ஆள் இல்லை. இன்று குரல் நடுங்கியது. இத்தனை வருடமும் அவர் முதலாம் பியானோ, நான் இரண்டாம் பியானோ.

"கொண்டுபோக முதல் ஒருக்கா வாசிப்பம் குணம், யூலைக் கச்சேரியிலை. என்னத்தை வாசிக்கிறதெண்டு நீரே சொல்லும். உமக்கு ஆகப் பிடிச்சது எது?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

9 மே
ஆகப் பிடித்தது. ரக்மானினோவ் இரண்டு பியானோவுக்கு எழுதிய இரண்டாம் சூட் என் உயிர் என்று ஒருகாலம் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். அதன் கடைசிப் பகுதியில் விரல் வலி எடுக்கும். வலிக்க வலிக்கச் சந்தோசமாக இருக்கும். பிராம்ஸ் எழுதிய ஹைடன் வேரியேஷன்களும் அப்படித்தான். முடிவு நெருங்கும்போது மிஸ் சிமியோன் என்னைப் பார்த்துத் தலையசைப்பார், கோயில் தேர் இருப்புக்கு வருகிறமாதிரி இருக்கும். பிறகு மோட்சார்ட்டின் டி மேஜர் சொனாட்டா. மிஸ் சிமியோன் ஒன்று சொல்ல நான் மறுமொழி சொல்ல வேண்டும். ஒருவர் கதைக்கும்போது மற்றவர் வாய்பொத்திக்கொண்டு இருக்க வேண்டும். எனக்கு அதில் நிறைய வாய்பொத்தல்.

மூன்று புத்தகங்களையும் மேசையில் விரித்து வைத்துப் பார்த்தேன். பழைய கடுதாசி போலக் கிடந்தன. பிடித்தது எது? பிடிப்பது என்பது எப்படி இருக்கும்?

10 மே
மழை இல்லை. வேறொன்றும் இல்லை.

16 மே
மோட்சார்ட் என்று சொல்லிவிட்டேன். பிடித்து அல்ல. கை மறக்காமல் இருப்பது அது ஒன்றைத்தான்.

இன்று மண்டபத்தில் ஒத்திகை. பாதியில் மிஸ் சிமியோன் நிறுத்தினார்.

"குணம், நீர் எண்ணுறீர். என்னைக் கேக்கிறீர் இல்லை."

உண்மை. அவர் தனியே வாசிக்கும் இடங்களில் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்து, என் முறை வந்ததும் உள்ளே போகிறேன். பியானோவை மூடுமுன் வீட்டிலும் அப்படித்தான் பழகுவேன். என் பகுதியை மட்டும் வாசிப்பேன். மிஸ் சிமியோனின் இடம் வந்தால் கையை எடுத்துவிட்டு எண்ணுவேன்.

24 மே
என் கணவருக்கு இந்த வாசிப்புப் பிடிக்காது. இங்கே எழுதினால் என்ன?

அப்பா மலாயாவிலிருந்து கொண்டுவந்த பியானோ. சீதனத்தோடு மாட்டுவண்டிலில் வந்து இறங்கியபோது ஊரே பார்த்தது. நான் வாசிக்க இருந்தால் போதும், அவர் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவார். ஒருநாளாவது முன்னறையில் வந்து இருந்து கேட்டதில்லை. ஒருமுறை கச்சேரிக்குக் கூட்டிப்போனேன். இதே மோட்சார்ட். திரும்பி வரும்போது பஸ்ஸில், "பசிக்குதோ?" என்று கேட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் கூப்பிடவில்லை.

நல்ல மனிதர். கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. ஆனால் எனக்குள் பெரிதாக இருந்த ஒன்றுக்கு அவர் அந்நியர். அந்நியருக்காக அழுகை வருமா? — என்ன எழுதிறன் நான்? விசரி.

8 ஜூன்
கச்சேரிக்கு வரமாட்டேன் என்று மிஸ் சிமியோனிடம் சொல்லிவிட்டேன். வருடம் முடியவில்லை, ஊர் கதைக்கும் என்றேன். பொய். மரத்த கையோடு போய் அவருடைய கடைசி வாசிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை. "சரி" என்றார். முகத்தை மற்றப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

9 ஜூன்
கச்சேரியை விட்டுவிட்டேன் என்றால் மச்சாள் ஆறுதல்படுவார் என்று நினைத்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"ஏன் விட்டனி?"

"ஆட்டைத் திவசம் முடியேல்லை எண்டு நீங்கள்தானே..."

"அது வீட்டிலை. பள்ளிக்கூடத்திலை அது உன்ரை உத்தியோகம். தம்பி இருந்தா விடச் சொல்லியிருப்பானோ?"

"அவருக்கு எண்டைக்கு மச்சாள் இது பிடிச்சது? நான் வாசிக்க இருந்த உடனை கிணத்தடிக்கு ஓடுற மனுசன்."

மச்சாள் என்னைப் பார்த்த பார்வை —

"விசர்க்கதை கதையாதை. அங்கை நிண்டா யன்னலாலை வடிவாக் கேக்கும் எண்டுதான் போறவன். முன்னுக்கு வந்து இருந்தா நீ வெக்கத்திலை பிழை விடுவியாம். நான் வந்து நிக்கிற நாளெல்லாம் கண்டனான். நீ வாசிக்கேக்கை தண்ணி அள்ளுவான். நீ நிப்பாட்டினா அவனும் நிப்பாட்டுவான். வாளி அரைக்கிணத்திலை தொங்கும். கப்பி கீச்சிடுமெண்டு கயித்தை அசையவிடான். என்னடா எண்டு கேட்டா வாயிலை விரலை வைப்பான். 'கதையாதை அக்கா, குணம் யோசிக்கிறா' எண்டுவான்."

"யோசிக்கிறனோ?"

"ஓம். யோசிச்சு யோசிச்சுத்தானே நீ வாசிக்கிறனி. அந்தக் கச்சேரியிலை மற்றவ குறுக்கை குறுக்கை விழுந்து உன்னை யோசிக்க விடேல்லை எண்டு அவனுக்குச் சரியான கோவம். சொன்னா உனக்கு மனம் நோகுமெண்டு சொல்லேல்லை."

நான் நிறுத்தி எண்ணுகிற அந்த இடங்கள் மிஸ் சிமியோனுக்கு உரியவை என்று நான் மச்சாளுக்குச் சொல்லவில்லை.

10 ஜூன்
பள்ளிக்கூடம் போகவில்லை. கிணற்றடியில் போய் நின்றேன். முன்னறை யன்னல் நேரே தெரிகிறது.

13 ஜூன்
காலையில் மிஸ் சிமியோனுக்கு ஆள் அனுப்பினேன்: வாசிக்கிறேன்.

பிறகு மச்சாளிடம், வீட்டில் பழகாமல் சரிவராது என்றேன். அவர் வந்து சீலையைத் தானே இழுத்து எடுத்து மடித்தார். வெளியே போய்விட்டார்.

மோட்சார்ட், என் பகுதி மட்டும். முதல் இடைவெளி வந்தது, கையை எடுத்தேன். எண்ண வரவில்லை. காது கிணற்றடிக்குப் போய்விட்டது. இத்தனை வருடமும் அங்கே ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எனக்காக மூச்சை அடக்கி நின்றிருக்கிறார். நான் என்னவோ தனியே வாசிப்பதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஐயோ, ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே மனுசன்! சீலைத்தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அடங்கவில்லை. சத்தம் வெளியேயும் கேட்டிருக்கும்.

வாசல் படலையில் யாரோ வந்து கூப்பிட்டார்கள். மச்சாள் விரைந்துபோகிற காலடி கேட்டது.

"மெல்லக் கதையும்," என்றார் மச்சாள். "உள்ளுக்கை பிள்ளை யோசிக்கிறா."